அத்தை வீட்டுச் சாப்பாடு

அக்கா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள்.

"இது நோய் இல்லடி. புள்ளைக்கு யாரோ மருந்து வச்சிருக்காங்க."

பூவத்திலிருந்து பஸ் ஏறி, காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தலத்தெருவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். வழியெல்லாம் அந்த வார்த்தையை வாய்க்குள் அடக்கிவைத்துக்கொண்டு வந்திருப்பாள் போலிருக்கிறது. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நேராகக் கட்டிலுக்குப் போய், சுருண்டு படுத்திருந்த என் மகளின் தலையைத் தடவினாள். மகள் கண்ணைத் திறந்து, "வாங்க பெரியம்மா" என்றாள். பிறகு முழங்கால்களை வயிற்றோடு இறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

என் மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். பத்தாம் வகுப்பு முடித்த விடுமுறையில் உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சொறிந்துகொண்டே இருந்தாள். கோடைக்கால வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் வாங்கிக் கொடுத்தோம். அரிப்பு அடங்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் ஈரல் சம்பந்தப்பட்ட எண்கள் எக்கச்சக்கமாக ஏறியிருந்தன. புதுச்சேரிக்கு அலைந்து, பெரிய இயந்திரத்துக்குள் படுக்கவைத்து எடுத்த ஸ்கேனில்தான் விஷயம் தெரிந்தது. பித்தக்குழாய் நோய். ஈரலில் சுரக்கும் பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகிற குழாய்கள் அங்கங்கே புண்பட்டு, தழும்பேறி, சுருங்கிப்போகிற நோய். ஏன் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. முழுதாகக் குணப்படுத்தவும் வழியில்லை. பல வருடங்கள் நகராமல் அப்படியே இருக்கலாம். ஒரு நாள் ஈரலையே மாற்ற வேண்டியும் வரலாம். இதைச் சொன்ன டாக்டர் மேசையில் இருந்த பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். எனக்கு அந்தச் சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது.

அன்று வெளியே காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னோம். என்ன நோய் என்று கேட்டார். ஈரல் என்றோம். "ஆங், காரைக்காலா? அங்கதான் சரக்கு மலிவாச்சே" என்று சொல்லிவிட்டு என் கணவரை ஒரு பார்வை பார்த்தார். என் கணவர் கலர் சோடாவுக்கு மேல் எதையும் குடித்தவரில்லை. அவர் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே என் மகள் சொன்னாள்: "நோய் அவருக்கு இல்ல அங்கிள், எனக்கு. எட்டாவதுலேர்ந்து குடிக்கிறேன்." அந்த ஆள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார். அவ்வளவு கவலையிலும் நாங்கள் மூவரும் சிரித்தோம்.

நோயோடு இருக்கப் பழகிக்கொண்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். மாத்திரைகள், அவ்வப்போது ரத்தப் பரிசோதனை, வருடத்துக்கு ஒரு ஸ்கேன். நான் மட்டும் தினமும் காலையில் அவளை ஜன்னலோரம் நிறுத்தி, கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருக்கிறதா என்று பார்ப்பேன். "பாத்தாச்சா? பால் மாதிரி இருக்கா? பஸ்ஸு போயிடும்மா" என்று கையைத் தட்டிவிட்டு ஓடுவாள்.

வலி மட்டும் புதிது. இந்த வருடம் ஆடியில் ஆரம்பித்தது. வலது விலாவுக்குக் கீழே தொடங்கி மேல்வயிறு முழுக்கப் பரவி முதுகைப் பிடிக்கும். சில நாள் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். சில நாள் பாதி நாளைத் தின்றுவிடும். சாப்பிட்டாலும் வந்தது, பட்டினி கிடந்தாலும் வந்தது. காய்ச்சல் கிடையாது. கண் மஞ்சள் கிடையாது. புதுச்சேரிக்கு ஓடினோம். ரத்தத்தில் பழைய எண்களே இருந்தன. ஸ்கேனிலும் குழாய்கள் போன வருடம் இருந்த மாதிரியேதான். கல் இல்லை, அடைப்பு இல்லை. வாய் வழியாகக் குழாயை விட்டு இரைப்பையைப் பார்த்தார்கள். அங்கேயும் ஒன்றுமில்லை. ஓர் இளம் டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, "வீட்ல ஏதாவது டென்ஷனா? பொண்ணுக்கு லவ் கிவ் ஏதாவது?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து நான் அழுதேன்.

அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் அம்மாதான் நேராகப் பேசினார். "இந்த நோய் இருக்கற சில பேருக்கு இப்படி வலி வருதுங்க. ஏன்னு எங்களுக்குத் தெரியல. எங்களுக்குத் தெரியலங்கறதால வலியே இல்லன்னு ஆயிடாது. அவ வலிக்குதுன்னா வலிக்குது." பிறகு எப்போது பயப்பட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். குளிரோடு காய்ச்சல் வந்தால், கண் மஞ்சளானால், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. வெறும் வலி என்றால் அவர் எழுதித் தந்த மாத்திரையைக் கொடுத்து, வெந்நீர் ஒத்தடம் வைத்து, கூடவே இருக்க வேண்டும்.

அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினோம். ஆனால் 'தெரியவில்லை' என்கிற பதிலை எங்கள் ஊரில் யாரும் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. எதிர் வீட்டம்மா வாயு என்றார். பள்ளிக்கூடத்தில் என்னோடு பாடம் நடத்தும் ஆசிரியை குடலேற்றம் என்று சொல்லி, விளக்கெண்ணெய் தடவி நீவிவிடும் ஒருவரின் விலாசம் கொடுத்தார். ஒருவர் வேரோடு பிடுங்கிய கீழாநெல்லியைப் பையில் போட்டு கேட்டில் மாட்டிவிட்டுப் போனார். எல்லாவற்றையும் சிரித்தபடி வாங்கி ஓரமாக வைத்தேன். அக்கா கொண்டுவந்ததைத்தான் ஓரமாக வைக்க முடியவில்லை.

மருந்து வைப்பது என்றால் சாப்பாட்டில் எதையாவது கலந்து கொடுத்து ஒருவரை மயக்குவது, அல்லது முடக்குவது. இப்படிப்பட்ட மருந்து வயிற்றில் கட்டியாக ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் வலி கொடுக்கும் என்று நம்புகிறார்கள். ஆக, இந்த நோய்க்கு ஒரு குற்றவாளி கட்டாயம் இருந்தாக வேண்டும். சோறு போட்ட கை எது என்று தேடியாக வேண்டும்.

"வலி மொதல்ல எப்பம்மா வந்துச்சு?" என்று அக்கா மகளிடமே கேட்டாள்.

"ஆடிப்பெருக்கு அன்னிக்கு."

"அன்னிக்கு எங்க சாப்ட?"

கேள்வி எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் மகள் சுவரைப் பார்த்தபடியே பதில் சொல்லிவிட்டாள். "போலகத்துல, அத்தை வீட்ல. வாய்க்கால்ல படையல் போட்டுட்டு, வெல்லம் போட்ட காப்பரிசி குடுத்தாங்க. ரெண்டாவது தடவையும் வாங்கித் தின்னேன் பெரியம்மா, நல்லாருந்துச்சு."

அக்கா என்னைப் பார்த்தாள். வழக்கு முடிந்தது, தீர்ப்புதான் பாக்கி என்பது மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

போலகத்தில் இருப்பவள் என் நாத்தனார். என் கணவரின் ஒரே தங்கை. அவளும் அவள் கணவரும் நெல் பயிரிடுகிறார்கள். ஒரே மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். போன வருடம் ஒரு நாள் அவள் என்னிடம், "உங்க பொண்ணை என் பையனுக்கே குடுத்துடுங்களேன் அண்ணி. ஈரலாவது ஒண்ணாவது, நான் பாத்துக்கறேன்" என்றாள். பாதி விளையாட்டு, பாதி நிஜம். இந்த நோயைத் தெரிந்துகொண்டே என் மகளை வீட்டுக்குக் கூப்பிட்ட ஒரே மனுஷி அவள்தான். சொந்தத்தில் கொடுப்பதாக இல்லை, அவள் படிக்கட்டும் என்று சொன்னேன். "சரி, படிக்கட்டும். நான் கேட்டதா அவகிட்ட சொல்லாதீங்க, அப்பறம் இஞ்ச வர வெக்கப்படுவா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். இதை நான் அக்காவிடம் எப்போதோ சொல்லியிருந்தேன்.

"வசியத்துக்கு வச்சிருக்கா" என்று அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்ச் சொன்னாள். "நீ குடுக்க மாட்டேன்னுட்ட. அதான். ஈரல் நோயுள்ள உடம்பு, ஏத்துக்கல. கட்டியா நின்னுடுச்சு."

காரைக்கால் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் மருந்து எடுப்பவர் ஒருவர் இருக்கிறாராம். பச்சிலைச் சாற்றை உள்ளங்கையில் விட்டுப் பார்ப்பாராம். சாறு கெட்டிப்பட்டால் மருந்து இருக்கிறது என்று அர்த்தமாம். பிறகு இன்னொரு சாற்றைக் குடிக்கக் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பாராம். கறுப்பாக ஒன்று வந்து விழுமாம்.

"அவ ஈரலுக்கு எந்தப் பச்சிலையும் ஆகாதுக்கா. டாக்டரம்மா தெளிவா சொல்லியிருக்காங்க."

"டாக்டரம்மாவுக்குத் தெரியலன்னு நீதானடி சொன்ன?"

அக்கா முட்டாள் இல்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நாங்கள் கிடந்தபோது தன் வீட்டைப் போட்டுவிட்டு வந்து கூட இருந்தவள். என் மகளுக்கு மாத்திரை இறங்கவில்லை என்று வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தவள். அவளால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவள் சொன்னதை ஏற்றுக்கொண்டால் இரண்டு விஷயங்கள் நடக்கும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஏற்கெனவே புண்பட்டுக் கிடக்கும் ஈரலுக்குள் பெயர் தெரியாத ஒரு சாறு இறங்கும். அதோடு என் மகளுக்கு அத்தை இல்லாமல் போய்விடுவாள். இரண்டுக்கும் நான் சம்மதிக்கப் போவதில்லை.

அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "என் தங்கச்சி அப்படியெல்லாம் செய்யறவ இல்ல" என்றார். கட்டிலைப் பார்த்துவிட்டு, "ஆனா புள்ள இப்படித் துடிக்குதே" என்றார்.

அந்த 'ஆனா'தான் என்னைப் பயமுறுத்தியது.

அக்கா யாரிடம் சொன்னாள், அவர்கள் யாரிடம் சொன்னார்கள் என்று தெரியாது. பேச்சு போலகம் போய்ச் சேர்ந்துவிட்டது. தினமும் சாயங்காலம் போன் செய்து, "மருமவ என்ன பண்றா?" என்று கேட்கும் நாத்தனார் போன் செய்வதை நிறுத்திவிட்டாள். நான் கூப்பிட்டால், "நல்லாருக்கோம் அண்ணி, வேலையா இருக்கேன்" என்று வைத்துவிடுவாள். தீபாவளிக்கு வருடா வருடம் அவள் வீட்டிலிருந்து அதிரசம் வரும். இந்த முறை வரவில்லை. சாப்பிடும் பொருள் எதையும் அவள் எங்களுக்குக் கொடுத்தனுப்பப் போவதில்லை என்று புரிந்தது.

இதற்கிடையில் வலி வந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் காலையில் நான் அவித்துக்கொடுத்த இட்லியைத் தின்றுவிட்டுக் கைகழுவப் போனவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வலி அடங்கிய பிறகு அக்காவுக்குப் போன் போட்டேன்.

"இன்னிக்கு என் இட்லியத் தின்னுட்டுத்தான் வலி வந்துச்சு. அப்ப நான் வச்சேனா?"

"உள்ள இருக்கற வரைக்கும் எதைத் தின்னாலும் வலிக்கும்டி" என்றாள் அக்கா. நிதானமாக, அன்பாகத்தான் சொன்னாள்.

அந்த வாக்கியத்துக்கு வாசலே கிடையாது என்று அப்போது தெரிந்துகொண்டேன். வலித்தாலும் அது மருந்து, வலிக்காவிட்டாலும் அது மருந்து. எதைக் காட்டி இதைப் பொய் என்று நிரூபிப்பது?

என்னை உண்மையில் உலுக்கியது அக்கா அல்ல. அன்று மத்தியானம் மறுபடி வலி வந்து, மகளுக்கு ஒத்தடம் வைத்துக்கொண்டிருந்தேன். துணியை வெந்நீரில் பிழியும்போது அவள் கேட்டாள்.

"அதை எடுத்துட்டா போயிடுமாம்மா?"

"எதை?"

"பெரியம்மா சொல்றதை."

நான் துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். "அத்தை வச்சாங்கன்னு நெனக்கிறியா?"

"சேச்சே. அத்தை வைக்க மாட்டாங்க." என் பக்கம் திரும்பிப் படுத்தாள். "ஆனா யாராவது வச்சிருந்தா தேவலன்னு தோணுது. எடுத்துப் போட்டுடலாம்ல? இது எடுக்கவே முடியாதது."

துணி ஆறிப்போயிருந்தது. மறுபடி நனைத்துப் பிழிந்து அவள் வயிற்றில் வைத்தேன். "எனக்கும் அப்படித்தாம்மா தோணுது. ஆனா அப்படி யாரும் இல்ல" என்று மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். அவ்வளவு களைப்பாக ஒரு குழந்தை தலையாட்டி நான் பார்த்ததில்லை.

அன்றைக்கே முடிவு செய்தேன்.

"ஞாயித்துக்கிழமை போலகம் போறோம். உங்க தங்கச்சி வீட்ல சாப்பிடப் போறோம்" என்று கணவரிடம் சொன்னேன்.

"எதுக்கு இப்ப? போன்ல பேசிக்கலாமே."

"போன்ல சாப்பிட முடியாதுங்க."

"அங்க போயி வலி வந்துச்சுன்னா?"

"வந்தா வரட்டும்."

அவர் தங்கைக்குப் போன் போட்டு, "நாங்க மூணு பேரும் வர்றோம், சாப்பாடு செய்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

இதையெல்லாம் யாருக்காவது நிரூபித்துக் காட்டவா போனோம் என்று பிறகு சிலர் கேட்டார்கள். இல்லை. நிரூபிக்க முடியாது என்பது அந்த இட்லி தின்ற அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்று சொல்வதற்காகப் போனோம்.

போலகத்துக்குப் பக்கத்து ஊரான பட்டினம் வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து ஆட்டோ பிடித்தோம். மழை விட்டு வெயில் அடித்தது. நட்ட பயிர் பச்சை பிடித்திருந்தது. நாத்தனாரின் கணவர் வயலுக்குப் போயிருந்தார், அவள் மட்டும் வாசலிலேயே நின்றிருந்தாள். ஒவ்வொரு முறையும் ஆட்டோ நிற்பதற்கு முன்பே என் மகளின் கையைப் பிடித்து இழுப்பவள் அன்று இரண்டடி தள்ளியே நின்றாள். "வாங்கண்ணே. வாங்க அண்ணி" என்றாள். மகளைப் பார்த்து, "வா" என்று ஒற்றைச் சொல்.

"என்ன அத்தை, எலெக்‌ஷனுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவங்கள வரவேற்கற மாதிரி வரவேற்கறீங்க?" என்றாள் மகள். நாத்தனார் சிரிக்கவில்லை.

கூடத்தில் பாய் விரித்து, பாத்திரங்களையெல்லாம் நடுவில் கொண்டுவந்து வைத்தாள். சோறு, கொடுவா மீன் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், ரசம். "எண்ணெய் கம்மியாத்தான் ஊத்தியிருக்கேன். நீங்களே போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தூணோரம் போய் நின்றுகொண்டாள்.

"ஏன், உன் கைக்கு என்ன?" என்று கேட்டேன்.

"என் கையப் பத்தித்தான் ஊரே பேசுதே அண்ணி. நான் எதுக்கு?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான், "வா, வந்து போடு" என்றேன். அவள் நகரவில்லை. பிறகு என்ன நினைத்தாளோ, விறுவிறுவென்று உள்ளே போய் ஒரு தட்டை எடுத்துவந்தாள். எங்கள் எதிரிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் ஒரு கரண்டி தனக்குப் போட்டுப் பிசைந்து வாயில் வைத்தாள். "மொதல்ல நான் திங்கறேன். பாத்துக்குங்க. அப்பறம் நீங்க சாப்பிடுங்க" என்றாள். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவள் அழுததை நான் மறக்க மாட்டேன்.

என் மகள் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்தை, ரொம்ப ஓவரா பண்ணாதீங்க. அந்த நடுத்துண்டு எனக்கு" என்று சொல்லி, அவள் தட்டிலிருந்தே மீனைப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்தாள். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு நாத்தனாருக்கு எங்களுக்குப் பரிமாற வேண்டும் என்று நினைவு வந்தது. என் தட்டில் அவள் போட்ட சோறு மூன்று பேருக்குக் காணும்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது, மகள் சிரித்துப் பேசிவிட்டு ஊர் திரும்பினாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. கொல்லையில் கை கழுவிவிட்டு வந்தவள் கூடத்துக்குள் கால் வைத்ததும் நின்றாள். அவள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். முதலில் உதடு வெளுக்கும். பிறகு கண் எங்கேயோ நிலைத்துவிடும். வலது விலாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே மடங்கினாள்.

நாத்தனார் ஓடிவந்து, கிட்டே வந்ததும் சடாரென்று பின்வாங்கினாள். இரண்டு கைகளையும் மார்புக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். யாராவது அவளைச் சோதனை போடப் போவது மாதிரி. "அய்யோ அண்ணி... நான் ஒண்ணும்... அண்ணி..." என்று அதையே சொன்னாள்.

எனக்குள் என்ன ஓடியது என்று இப்போது யோசித்தால் பயமாக இருக்கிறது. ஒரே ஒரு கணம், கண்ணிமைக்கும் நேரம்தான், நானும் அந்தத் தட்டைப் பார்த்தேன். வலி வந்தால் மனசு இப்படித்தான் கையில் கிடைப்பதைப் பிடித்துக்கொள்ளும் என்று அப்போது தெரிந்தது. அக்கா மேல் எனக்கு இருந்த கோபம் அந்த இடத்தில் பாதி குறைந்துவிட்டது.

"புடி அவள" என்றேன் நாத்தனாரிடம்.

"நான் எப்படி அண்ணி..."

"நீதான் புடிக்கணும். தலைய மடில வை."

அவள் உட்கார்ந்து என் மகளின் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். நான் பையிலிருந்து மாத்திரையை எடுத்தேன். என் கணவர் தண்ணீர் கொண்டுவந்தார், பாதியை வழியிலேயே சிந்திவிட்டார். அதற்குள் பக்கத்து வீட்டம்மா ஒரு கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றார். உறை ஊற்ற மோர் கேட்டு வந்தாராம்.

"என்னாச்சு? சாப்புட்டதும் வந்துடுச்சா?" என்றார். கண் மகள் மேல் இல்லை. நடுக்கூடத்தில் கிடந்த பாத்திரங்கள் மேல் இருந்தது.

"ஆமாங்க, வந்துடுச்சு" என்றேன். "நேத்து சாப்பிடாம வந்துச்சு. போன வாரம் நான் செஞ்ச இட்லிக்கு வந்துச்சு. இவளுக்குப் பித்தக்குழாய்ல நோய். அந்த நோயோட வலி. ஏன் வருதுன்னு இவ்ளோ படிச்ச டாக்டருக்கே தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, புதுச்சேரிக்குப் போயி சொல்லிட்டு வர்றேன்."

"நான் என்ன கேட்டேன், இப்படிப் பேசறீங்க?"

"மோர்தான கேட்டீங்க. இந்தாங்க." உள்ளே போய்க் கிண்ணம் நிறைய ஊற்றிக் கொடுத்தேன். அவர் போய்விட்டார்.

வலி அன்று வெகு நேரம் நீடித்தது. நாத்தனார் ஒத்தடம் வைத்தாள். எவ்வளவு சூடு தாங்கும் என்று என்னிடம் கேட்காமல் மகளிடமே கேட்டுக்கொண்டாள். ஆட்டோவுக்குச் சொல்லவா என்றார் கணவர். "குலுங்கும்பா. இங்கயே கெடக்கறேன்" என்றாள் மகள். வெயில் சாய்ந்தபோது வலி விட்டது. எழுந்து உட்கார்ந்து, "ரசம் இருக்கா அத்தை?" என்று கேட்டாள்.

கிளம்ப வேண்டிய நேரம் வந்தது. மகளுக்குப் பரீட்சைக்குப் படிக்க விடுமுறை. புத்தகம் பையில் இருந்தது. நான் யோசித்து வைத்திருந்ததில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அவ இந்த வாரம் பூரா இங்கயே இருக்கட்டும்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நாத்தனார்தான் முதலில் பேசினாள். "வேணாம் அண்ணி. இன்னொரு தடவ இஞ்ச வந்துச்சுன்னா என்னை உயிரோட விட மாட்டாங்க."

"வரும். நிச்சயமா வரும். வர்றப்ப நீ கூட இருக்கணும், அவ்ளோதான்."

டாக்டரம்மா எனக்குச் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். அவள் என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். பிறகு அவளே சொல்லிக் காட்டினாள். "குளுரு காய்ச்சல். கண்ணு மஞ்சள். ஒண்ணுக்கு கடுங்காப்பி மாதிரி. இதுல ஒண்ணு பாத்தாலும் அண்ணனுக்குப் போன், ஆஸ்பத்திரிக்கு வண்டி. வெறும் வலின்னா மாத்திரை, ஒத்தடம்." மகள் நடுவில் புகுந்து, "ஒண்ணுக்கெல்லாம் நீங்க பாக்க வேணாம், நானே சொல்றேன்" என்றாள். "நீ வாய மூடு. உன் பேச்ச நான் நம்ப மாட்டேன்" என்றாள் நாத்தனார். அவளுடைய பழைய குரல் அது. பல வாரங்களுக்குப் பிறகு அப்போதுதான் கேட்டேன்.

பஸ்ஸில் வரும்போது என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பட்டினம் தாண்டியதும், "தேங்க்ஸ்" என்றார். கல்யாணமான இத்தனை வருடங்களில் அந்த வார்த்தையை அவர் என்னிடம் சொன்னதில்லை. எனக்குக் கூச்சமாகிவிட்டது. "புள்ளைய விட்டுட்டு வந்துட்டேனேன்னு இருக்கு, நீங்க வேற" என்றேன்.

அக்காவிடம் நானே சொன்னேன். "உனக்குப் புத்தி பெரண்டு போச்சா? அவ வீட்லயேவாடி விட்டுட்டு வந்த?" என்று கத்தினாள். கத்தி முடிக்கும்வரை போனைக் காதில் வைத்திருந்தேன். "நீ வேணும்னா போயி பாத்துட்டு வாக்கா. ஆனா சாப்பிட்டுட்டு வரணும்" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். இதை எழுதுகிற நாள்வரை அவள் போலகம் போகவில்லை. ஆனால் மகளுக்குத் தினமும் போன் பண்ணுகிறாள் என்று தெரியும்.

மகளை விட்டுவந்த அடுத்த இரண்டு நாட்களும் நான் வகுப்பில் என்ன நடத்தினேன் என்று எனக்குத் தெரியாது. போனை மேசை மேலேயே வைத்திருந்தேன். இரண்டாம் நாள், சாப்பாட்டு இடைவேளையில், நாத்தனாரின் எண் வந்தது. மைதானத்துக்கு ஓடி எடுத்தேன்.

"வந்துடுச்சு அண்ணி" என்றாள். மூச்சு வாங்கியது, ஆனால் குரல் நிதானமாக இருந்தது. "காய்ச்சல் இல்ல. தொட்டுப் பாத்துட்டேன். கண்ணு வெள்ளையா இருக்கு. ஒண்ணுக்கும் பாத்துட்டேன், தண்ணியாட்டம் இருக்கு, அவ என்னைத் திட்டறா. மாத்திரை குடுத்துட்டேன். மடிலதான் கெடக்கறா. நீங்க வர வேணாம், பள்ளிக்கூடத்தப் பாருங்க."

"நான் வர்றேனே..."

"வேணாம்கறேன்ல? நான் இருக்கேன்."

பின்னணியில் வாசல் பக்கமிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. என்ன கேட்டது என்று எனக்கு விளங்கவில்லை. நாத்தனார் போனை வைக்க மறந்துவிட்டாள், அல்லது வேண்டுமென்றே வைக்கவில்லை. அவள் பதில் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. தெருவுக்கே கேட்டிருக்கும்.

"ஆமா, நான் போட்ட சோத்தத்தான் தின்னுச்சு! இன்னும் சட்டில கெடக்கு. ஒனக்கும் வேணும்னா தட்டெடுத்துட்டு வா!"